வகிடு நிறையக் குங்குமம்

என் மாமியார் மதுரையிலிருந்து மாதம் தவறாமல் எனக்குக் குங்குமம் அனுப்பிக்கொண்டிருந்தார். கடிதம் எதுவும் இருக்காது, அவருக்கு எழுதத் தெரியாது. அம்மன் கோயில் குங்குமத்தைப் பழைய செய்தித்தாளில் மடித்து, அதற்குமேல் ஒரு பாலிதீன் சுற்றி, நூலால் கட்டி, கவரில் போட்டு ஒட்டியிருப்பார். முகவரியை மாமனார் எழுதியிருப்பார். டெல்லி வந்து சேர்வதற்குள் கவர் ஒரு மூலையில் பொத்துக்கொள்ளும். தபால்காரர் பையில் இருக்கிற மற்ற கடிதங்களுக்கெல்லாம் பொட்டு வைத்துவிட்டுத்தான் என் கைக்கு வரும். அவர் என்னை முறைப்பார். நான் வாங்கி, பிரிக்காமலே, அலமாரிமேல் இருந்த காலிக் காபித்தூள் டப்பாவில் போட்டு மூடிவிடுவேன்.

'பிள்ளை பிறக்கிற பொடி' என்று அதற்கு நானே பெயர் வைத்திருந்தேன். எரிச்சலில் வைத்த பெயர்தான். இந்தக் கதைக்கு முந்தின வருடம் வளைகாப்புக்காக மதுரை போன இடத்தில், ஆறாவது மாதத்தில், எனக்கு ரத்த அழுத்தம் தலைக்கேறிப் பிள்ளை போய்விட்டது. ரத்தம் நிற்கவில்லை. நான் கண் விழித்தபோது கட்டிலுக்குக் கீழே தரையில் துண்டை விரித்து என் மாமியார் படுத்திருந்தார். டாக்டரம்மா என் கணவரைக் கூப்பிட்டு, இரண்டு வருடத்துக்கு இந்தப் பேச்சே கூடாது, இன்னொரு தடவை இப்படி வந்தால் உயிருக்கு நான் பொறுப்பில்லை என்று சொல்லி அனுப்பினார். நான் டெல்லி திரும்பிய மாதமே முதல் பொட்டலம் வந்துவிட்டது. நன்றாக இருக்கிறதே கதை, பழைய பிள்ளைக்கு அழுது முடிக்கவில்லை, அதற்குள் அடுத்த பிள்ளைக்கு அவசரமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் போனில் கேட்டால் "வச்சேன் அத்தை" என்று சொல்லிவிடுவேன்.

இது இரண்டாயிரமாவது வருடத்தைத் தாண்டிய புதிதில். என் கணவர் மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் இன்ஜினியர். இமாச்சலப் பக்கம் மலைக்குள் ஒரு அணைக்கட்டு வேலையில் இருந்தார். குடும்பம் வைத்துக்கொள்ள அங்கே வீடு கிடையாது. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை பஸ் பிடித்து வருவார், வந்த அலுப்பு தீர்வதற்குள் கிளம்பிவிடுவார். நான் முனிர்காவில் ஒரு மொட்டைமாடி அறையில் தனியாக இருந்தேன். கீழ்த்தளங்களில் எல்லாம் மாணவர்கள். சமைத்தால் எனக்கு மட்டும், காய்ச்சல் வந்தால் எனக்கு மட்டும். வீட்டுக்கார ஆன்ட்டி என்னைக் கழுத்துக்கு மேலே மட்டும் பார்ப்பாள். நெற்றியில் ஸ்டிக்கர் பொட்டு, வகிடு வெறுமை. அந்த ஊரில் கல்யாணமானவள் என்றால் வகிடு முழுக்கச் சிவப்பு இருக்க வேண்டும். வந்து போகிற ஆள் நிஜமாகவே புருஷன்தானா என்று அவளுக்குக் கடைசிவரை ஒரு சந்தேகம் இருந்தது. தாலிச் சங்கிலியை எடுத்துக் காட்டினாலும் "அச்சா அச்சா" என்று சொல்லிவிட்டு மறுபடி என் வகிட்டைத்தான் பார்ப்பாள்.

என் வேலைதான் வேடிக்கை. லோதி ரோடு பக்கம் ஒரு தொண்டு நிறுவனத்தில் மொழிபெயர்ப்பாளர். அவசரக் கருத்தடை மாத்திரை என்று அப்போதுதான் நம் நாட்டுக்கு வந்திருந்தது. ஆணுறை கிழிந்தாலோ, ஒன்றும் இல்லாமல் இருந்துவிட்டாலோ, மூன்று நாளுக்குள் இதைப் போட்டுக்கொண்டால் கரு உருவாகாமல் தடுக்கும். உருவான கருவைக் கலைக்காது. இந்த வித்தியாசத்தைச் சொல்லிச் சொல்லி எங்களுக்கு வாய் வலித்தது. நம்மைப்போன்ற நாடுகளில் இது ஏழைப் பெண்கள் கைக்கும் எட்ட வேண்டும், டாக்டர் சீட்டு இல்லாமலே கடையில் கிடைக்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஆபீஸின் முழுநேர வேலை. அதற்காகக் கூட்டம் போடுவோம், சமோசா சாப்பிடுவோம், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்குப் படம் போட்டுக் காட்டுவோம். மாத்திரை என்று எங்களிடம் இருந்தது கூட்ட அறையின் பலகையில் குண்டூசியால் குத்தி வைத்திருந்த ஒரு காலி அட்டை மட்டும். நாங்கள் பேசுகிறவர்கள், கொடுக்கிறவர்கள் இல்லை.

தமிழ்த் துண்டுப் பிரசுரம் என் பொறுப்பு. எல்லா மொழிக்கும் ஒரே படம்தான், புடவை கட்டிய பெண் ஒருத்தி மருந்துக் கடையில் நிற்பாள். மாநிலத்துக்கு மாநிலம் நகையை மட்டும் ஓவியர் மாற்றுவார். முதலில் வகிடு முழுக்கச் சிவப்பைத் தீட்டிக் கொண்டுவந்தார். "எங்க பக்கம் இப்படி இல்லை, தாலி போடுங்க" என்றேன். கருகமணி கோத்துக்கொண்டு வந்தார். தலையில் அடித்துக்கொண்டு என் சங்கிலியை வெளியே இழுத்து, இதுதான் தாலி, நல்லா பார்த்துக்கோங்க என்று காட்டினேன். எங்கள் ஆபீஸை நடத்துகிற மேடம் சிரித்தார். "கல்யாணமானவள்னு பார்த்ததும் தெரியணும், அவ்வளவுதான்" என்றார். எனக்கும் அது அப்போது சரியாகத்தான் பட்டது.

ஹோலிக்கு முன்னால் வந்த வெள்ளிக்கிழமை என் கணவர் வந்தார். எதிர்பார்க்கவில்லை. சண்டிகரில் ஏதோ மீட்டிங், ஒரு ராத்திரி இங்கே வந்துவிட்டுப் போகலாமென்று பஸ் ஏறிவிட்டாராம். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, ஏன் மறைக்க வேண்டும். கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு வைத்தேன். மூன்று கரண்டி சோறு கூடுதலாகச் சாப்பிட்டார். காப்பர்-டி எனக்கு ஒத்துக்கொள்ளாமல் எடுத்துவிட்டதால் எங்களுக்கு ஆணுறைதான். அன்றைக்கு அது கிழிந்துவிட்டது.

எனக்கு மதுரை ஆஸ்பத்திரியின் மின்விசிறி கண்முன்னே சுற்ற ஆரம்பித்துவிட்டது. அவரை உலுக்கினேன்.

"என்னங்க, ஏதாவது ஆயிருச்சுன்னா?"

"ஒண்ணும் ஆகாது, படு."

"போன தடவையும் இதைத்தான் சொன்னீங்க."

புரண்டு படுத்தார். பிறகு அவருக்கே ஒரு நிம்மதி வந்ததுபோல, "அதான் ஏதோ மாத்திரை இருக்குங்கிறியே. நீ அந்த ஆபீஸ்லயே இருக்கே, வாங்கிப் போட்டுக்க" என்றார். காலையில் என் தலையைத் தடவிவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டார். அவர் கெட்டவர் இல்லை. எட்ட இருந்தே பழகிவிட்டவர், அவ்வளவுதான். அவர் இருக்கும் இடத்தில் போன் லைன் ஒரு நாள் இருந்தால் நாலு நாள் இருக்காது.

அன்று சனிக்கிழமை. ஆபீஸ் விடுமுறை. ஞாயிறும் விடுமுறை. திங்கள் ஹோலி. அன்றைக்கு ஒரு கடை திறக்காது, தனியாக ஒரு பெண் தெருவில் இறங்கவும் முடியாது. மூன்று நாள் கெடு என்று நானே எழுதிய பிரசுரத்தில் இருக்கிறது. சீக்கிரம் போட்டால் நல்லது என்பதும் இருக்கிறது.

ராமகிருஷ்ணபுரத்தில் தமிழ்க் குடும்பங்களுக்கெல்லாம் ஒரே லேடி டாக்டர்தான். வீட்டு முன்னறையிலேயே பார்ப்பார். சனிக்கிழமை மதியம் போனேன். உள்ளே எட்டுப் பேர், எட்டுப் பேரும் தமிழ். பஸ்ஸில் எங்காவது தமிழ் காதில் விழுந்தால் இடம் மாறிப் போய்ப் பக்கத்தில் உட்காருகிற ஆள் நான். கோயிலில் அர்ச்சனைச் சீட்டு கொடுக்கிறவரோடு பேசுவதற்காகவே தேவையில்லாத அர்ச்சனைகள் செய்திருக்கிறேன். அன்றைக்கு அந்த அறையில் தமிழைக் கேட்டதும் கால் பின்வாங்கியது. டாக்டர் இருக்கும் இடத்துக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு துணித் திரைதான். டாக்டருக்கு வெண்கலத் தொண்டை. "மலம் சரியாப் போறதா?" என்று உள்ளே கேட்டால், போகிற வருகிற விவரமெல்லாம் வெளியே எங்களுக்கும் தெரிந்துவிடும்.

கோயிலில் பழக்கமான ஒரு மாமி பக்கத்தில் நகர்ந்து வந்து உட்கார்ந்தார்.

"காலம்பற பஸ் ஸ்டாப்புல உங்காத்துக்காரரைப் பார்த்தேனே! எப்போ வந்தார்?"

"நேத்து, மாமி."

"ஓ!" என் முகத்தையும் வயிற்றையும் ஒரு சுற்று பார்த்தார். "என்ன, ஏதாவது விசேஷமா?"

"தலைவலி மாமி."

"தலைவலிக்கா இவ்வளவு தூரம் வந்தே? நல்லதா இருந்தா மறைக்காதேடி. என் பொண்ணு மதுரைலதானே இருக்கா, உங்க மாமியாரைக்கூடக் கோயில்ல பார்ப்பாளாம்."

போதும். திரைக்கு உள்ளே போய் நான் வாயைத் திறந்தால், அடுத்த வெள்ளிக்கிழமை பஜனைக்குள் செய்தி சரோஜினி நகர் வரைக்கும் போய்விடும், அதற்கடுத்த வெள்ளிக்குள் மதுரை. பிள்ளையைப் பறிகொடுத்து ஒரு வருடம் ஆகவில்லை, பிள்ளை வேண்டாமென்று மாத்திரை கேட்டு நிற்கிறாள் பார் என்பார்கள். மாதாமாதம் குங்குமம் அனுப்புகிற மனுஷி அதைக் கேட்டால் என்ன ஆவார்? என் முறை வருவதற்குள் எழுந்து வந்துவிட்டேன். கடையில் கேட்டால் ஆயிற்று, சீட்டு என்று சட்டத்தில்தான் இருக்கிறது, டெல்லியில் சீட்டைப் பார்த்து எவன் மருந்து கொடுக்கிறான் என்று எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொண்டேன்.

முனிர்காவில் நான் முதலில் நுழைந்த கடைக்காரனுக்கு அப்படி ஒரு மாத்திரை இருப்பதே தெரியவில்லை. மெயின் ரோடு ஓரத்துக் கடையில் இருந்தது. கண்ணாடி அலமாரிக்குள், என் ஆபீஸ் பலகையில் தொங்குகிற அதே அட்டை, ஆனால் உள்ளே மாத்திரையோடு. கடைக்காரன் நடுத்தர வயது ஆள். கவுண்டரில் சாய்ந்தபடி தெருவாசிகள் நாலைந்து பேர் அரட்டையடித்துக்கொண்டிருந்தார்கள். நான் மெதுவாகக் கேட்டேன். அவன் சத்தமாகத் திருப்பிச் சொன்னான். அரட்டை நின்றது.

"பர்ச்சி?" என்றான். டாக்டர் சீட்டு.

"இல்லை."

என் முகத்தைப் பார்க்கவில்லை. தலையைப் பார்த்தான். "ஷாதி ஹுயி ஹை?"

"கல்யாணம் ஆகிவிட்டது" என்றேன் ஹிந்தியில். மெட்டி, ஷூ கடிக்கிறதென்று பனிக்காலத்திலேயே கழற்றி வைத்தது, வீட்டில் கிடந்தது. குர்த்தாவின் கழுத்துக்குள்ளிருந்து தாலியை இழுத்துக் காட்டினேன். அத்தனை பேர் முன்னால். இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

அவன் எட்டிப் பார்த்தான். "இது சங்கிலி. மங்கலசூத்திரம் இல்லை. கருப்பு மணி எங்கே?"

"எங்க ஊரில் கருப்பு மணி கிடையாது. இதுதான்."

"எல்லாரும் இதையேதான் சொல்றீங்க" என்றான். பக்கத்தில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். எல்லாரும் என்றால் யார்? தெருவில் இருக்கிற மாணவிகள்தான். எனக்கு முன்னால் எத்தனை பெண்கள் இங்கே நின்று தலையைக் குனிந்துகொண்டு திரும்பியிருப்பார்களோ என்று அப்போதுதான் உறைத்தது. அவனைத் தமிழில் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு வந்தேன். என்ன திட்டினேன் என்பதை இங்கே எழுத முடியாது. அவனுக்குப் புரியவில்லை என்பதுதான் வருத்தம்.

ஞாயிறு காலை ஒரு பெரிய அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வெளிநோயாளிப் பிரிவு மூடியிருந்தது. அவசரப் பிரிவு வாசலில் தலையில் கட்டோடும் கையில் ட்ரிப்போடும் ஆட்கள் கிடந்தார்கள். அவர்களுக்கு நடுவில் போய் என் அவசரத்தை யாரிடம் சொல்வது? மாத்திரையின் பெயரில்தான் அவசரம் இருக்கிறது. பஸ் ஏறித் திரும்பிவிட்டேன். டைரியில் இருக்கிற எண்ணைப் பார்த்து மேடம் வீட்டுக்கு ஒரு போன் போடலாமா என்று வழியெல்லாம் யோசித்தேன். போட்டால், நாளைக் கழித்து நடக்கும் கூட்டத்தில் நான் ஒரு உதாரணம் ஆகிவிடுவேன். 'எங்கள் சகஊழியர் ஒருவரின் அனுபவம்' என்று மேடம் கனிவோடு ஆரம்பிப்பார். வேண்டாமப்பா.

அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தேன். வெளியே மாடிக்கு மாடி பிள்ளைகள் தண்ணீர் பலூன் அடித்துக்கொண்டு கத்தினார்கள். ஒரு கோடி பேர் இருக்கிற ஊர். என்னோடு அந்தக் கடை வரைக்கும் வர ஒருத்தி இல்லையே என்று இருந்தது. பயம்கூட இல்லை, வெறும் தனிமை. அந்தத் தனிமையிலேயே கோபம் வந்தது. அவனுக்கு என்ன வேண்டும்? சிவப்புதானே வேண்டும்? எழுந்து காபித்தூள் டப்பாவைத் திறந்தேன்.

பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். தாழம்பூ வாசனையும் மஞ்சள் வாசனையும் கலந்து கோயில் பிரகாரம் அறைக்குள் வந்துவிட்டது. எங்கள் ஊரில் வகிட்டின் ஆரம்பத்தில் ஒரு துளி வைப்போம், அதுவும் வெள்ளிக்கிழமையில். நான் இந்த ஊர்ப் பெண்களைப்போல உச்சியில் ஆரம்பித்து மோதிர விரலால் இழுத்தேன். போதவில்லை. மறுபடி இழுத்தேன். மூக்கில் உதிர்ந்தது, துடைத்தேன். கல்யாணப் பட்டு வேண்டாமென்று ஒரு வாயில் புடவையை எடுத்துக் கட்டினேன். கைநிறையக் கண்ணாடி வளையல். கண்ணாடியில் யாரோ ஒருத்தி நின்றாள். பிள்ளை வேண்டி வந்த குங்குமத்தைப் பூசிக்கொண்டு பிள்ளை வேண்டாமென்று கடைக்குப் போகிறேனே, அத்தை என்னை மன்னிக்கட்டும், அம்மன் என்னை மன்னிக்கட்டும் என்று வாய்விட்டே சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கடை சாயங்காலம்தான் திறக்கும். தெருவில் இறங்கியதும் ஒரு பலூன் முதுகில் வெடித்தது. இன்னொன்று தோளில். நான் உடம்பைப் பற்றிக் கவலைப்படவில்லை. காற்றில் அணையாமல் விளக்குக்குக் கை வைப்பதுபோல வகிட்டின்மேல் உள்ளங்கையைக் கவிழ்த்துக்கொண்டு நடந்தேன்.

அதே கடைக்காரன். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. கண் நேராகத் தலைக்குப் போயிற்று. அவன் முகம் மலர்ந்தது பாருங்கள், அதை என்னவென்று சொல்ல!

"அரே பாபிஜி! இதை நேத்தே சொல்லியிருக்கக்கூடாதா?"

"நேத்தே சொன்னேன் பையா."

அது அவன் காதில் விழவில்லை. நான் அவனுக்கு அண்ணி ஆகிவிட்டேன், பர்ச்சி கேட்கவில்லை. அட்டையை எடுத்துச் செய்தித்தாளில் மடித்து, இரண்டு கையாலும் நீட்டினான். ஒன்று இப்போது, ஒன்று காலையில், வெறும் வயிற்றில் போடாதீர்கள் பாபிஜி, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றான். அக்கறையாகத்தான் சொன்னான். அந்த அக்கறைதான் எனக்குப் பொறுக்கவில்லை. சட்டம் சீட்டு கேட்டது, அவன் வகிடு கேட்டான். கீழ்த்தளத்து மாணவி வந்தால் அவளுக்கு எந்தக் கோயில் குங்குமம் இருக்கிறது?

வீட்டுப் படியில் ஆன்ட்டி நின்றிருந்தாள். என்னைப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "அரே வாஹ்! இன்னிக்குத்தான் சுமங்கலி மாதிரி இருக்கே!" என்று கட்டிக்கொண்டாள். இரண்டு வருடத்தில் அவள் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. உள்ளே கூட்டிப்போய் ஹோலிப் பலகாரம் குஜியா கொடுத்தாள், அடுத்த ஹோலிக்குள் மடியில் ஒரு ஆண் பிள்ளை இருக்கணும் என்று வாழ்த்தினாள். மாத்திரைப் பொட்டலம் என் உள்ளங்கையில் இருந்தது. குஜியாவைத் தின்றேன். வெறும் வயிறு கூடாதல்லவா.

முதல் மாத்திரையை அப்போதே மேலே போய்ப் போட்டுக்கொண்டேன். இரண்டாவதை ஹோலியன்று காலை. கதவைத் தாழிட்டு, ஜன்னலை மூடி, நாரத்தங்காய் ஊறுகாய் ஒரு துண்டு வாயில் அடக்கிக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். மாத்திரை போட்டதும் வாந்தி எடுத்துவிட்டால் மறுபடி போட வேண்டும், அந்த வரியையும் தமிழில் எழுதியவள் நான்தான். மறுபடி போட என்னிடம் ஏது? குமட்டிக் குமட்டி வந்தது. அசைந்தால் வந்துவிடுமோ என்று அசையவில்லை. வெளியே டோலக் அடித்தார்கள். "ஹோலி ஹை!" என்று யாரோ என் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். தலையைப் பிடித்துக்கொள்ள ஒரு கை, முதுகைத் தடவ ஒரு கை, அதற்குமேல் நான் ஒன்றும் கேட்டிருக்க மாட்டேன். மதியம்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். வாந்தி வரவில்லை.

செவ்வாய்க்கிழமை ஆபீஸ் போனேன். பிரசுரத்தின் கடைசி வரி பாக்கியிருந்தது, 'அருகிலுள்ள மருந்துக் கடையை அணுகவும்.' கை ஓடவில்லை. படத்தை எடுத்துக்கொண்டு மேடத்திடம் போய், தாலியை எடுத்துவிடலாம், வகிட்டையும் கழுத்தையும் வெறுமையாக விடலாம் என்றேன்.

"அப்படி விட்டா கல்யாணமாகாதவளுக்குனு சொல்லுவாங்க. அமைச்சகத்துல பாஸ் ஆகாது" என்றார். "நீதானே தாலி வேணும்னு அன்னிக்குச் சண்டை போட்டே?"

"போட்டேன். இப்ப வேண்டாம்னு சண்டை போடுறேன்."

மேடம் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். ஏதாவது கேட்பார் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். போன் அடித்தது, எடுத்துப் பேசப் போய்விட்டார். பிரசுரம் தாலியோடுதான் அச்சாகி வந்தது. சில வருடம் கழித்துச் சீட்டே வேண்டாமென்று சட்டம் மாறி, டிவியில் விளம்பரமெல்லாம் வந்தது. கடைக்காரர்களின் கண்ணுக்கு அந்தச் சட்டம் எப்போது போய்ச் சேர்ந்தது என்று எனக்குத் தெரியாது.

அடுத்த வாரம் ஆபீஸ் பாத்ரூமில் எனக்குத் தூரமாகிவிட்டது தெரிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கொஞ்ச நேரத்தில் அழுகை வந்துவிட்டது. உருவாகவே உருவாகாத ஒன்றுக்கு யாராவது அழுவார்களா? போன வருடம் போனதற்குத்தான் அழுதேன்போல. குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆன்ட்டி கீழேயிருந்து கூப்பிட்டாள், "மதராஸ் சே போன்!" அவளுக்கு மதுரையும் மதராஸ்தான். அவள் வீட்டுக் கூடத்தில்தான் போன். மாமியார் பூத்திலிருந்து பேசுவார், சுற்றிவளைக்க மாட்டார். ஆன்ட்டி, அவள் புருஷன், மருமகள் எல்லாரும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏத்தா, குங்குமம் வந்துச்சா?"

"வந்துச்சு அத்தை."

"வச்சியா?"

"வச்சேன் அத்தை. இந்தத் தடவை வகிடு நெறய வச்சேன்." முதல் தடவையாகப் பொய் இல்லாமல் சொன்னேன்.

"வையி, நெறய வையி. அன்னைக்கி ஆஸ்பத்திரியில நீ கெடந்த கெடைக்கு, ஆத்தாகிட்ட மடியேந்திக் கேட்டேன். இவளை மட்டும் எனக்குத் திருப்பிக் குடுத்துரு, மாசாமாசம் ஒன் குங்குமம் இவ நெத்தியில ஏறும்னு. அதுக்குத்தான் அனுப்புறேன்."

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. "புள்ளைக்காக இல்லையா அத்தை?"

"புள்ளை என்ன புள்ளை. நீ இருந்தாத்தானே மத்ததெல்லாம்."

டிவியில் யாரோ பாடினார்கள். கூடத்தில் நாலு பேர், ஒருவருக்கும் தமிழ் தெரியாது. நான் சுவர் பக்கம்கூடத் திரும்பவில்லை. அவர்கள் நடுவிலேயே நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். கிழிந்தது, டாக்டர் வீட்டு மாமி, கடைக்காரன், குங்குமம், மாத்திரை.

"கலைச்சுட்டியா?" என்றார் மெதுவாக.

"இல்லத்தை. உருவாகவே விடாது. அதுக்குத்தான் அந்த மாத்திரை."

"மயக்கம் கியக்கம் வந்துச்சா?"

"கொமட்டுச்சு. காலையில இருந்து மத்தியானம் வரைக்கும் ஒக்காந்தே இருந்தேன்."

"அப்பக் கூட யாரு இருந்தா?"

ஆன்ட்டி என்னைத் திரும்பிப் பார்த்து, எல்லாம் நலமா என்பதுபோலத் தலையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன்.

"ஏத்தா, ஒன்னையத்தான் கேக்குறேன். அம்புட்டுப் பெரிய ஊருல, கூட ஒக்கார ஒருத்தி கூடவா இல்ல?"

இல்லை அத்தை என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தப் பக்கம் அவரும் போனை வைக்கவில்லை. பூத்துக்கு வெளியே மதுரையில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போவது கேட்டது. நான் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.